அப்பா வீட்டுப் பெயர்

அக்டோபர் 3, செவ்வாய்

கல்வெட்டும் தாவீது காலையிலேயே போன் செய்தார். அப்பா கல்லறைக்குச் சொன்ன கறுப்புக் கல் வந்துவிட்டதாம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள், அதற்குள் நட வேண்டுமென்றால் இந்த மாதக் கடைசிக்குள் எழுத்து வெட்டியாக வேண்டும், என்ன எழுத வேண்டும் சொல்லுங்கள் என்றார். அப்பாவுக்கு எழுதுவது சுலபம். லெயோன் மொரெல், 1941, 2022. கீழே அம்மாவுக்கு ஒரு வரி விடச் சொன்னேன். பெயர் என்ன என்றார். ரொசாலி. பொறந்த வீட்டுப் பேர்? தெரியாது. செத்த தேதி? தெரியாது. தாவீது, கேட்டுச் சொல்லுங்கம்மா என்று வைத்துவிட்டார். தாய் செத்த தேதி தெரியாத ஐம்பத்து மூன்று வயதுக்காரியை அவர் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

புதுச்சேரியில் எங்கள் மாதிரிக் குடும்பங்களில், பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கிறோம் என்று கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு குடும்பப் பெயர் வாங்கிக்கொண்டார்கள். கல்யாணமாகிப் போனாலும் கல்லறையில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்க வேண்டும். ஜீவனோடு இருக்கும்போது யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு ரெண்டு வயதில், 1972இல், அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். மண் கல்லறைதான் வைத்தோம், வெள்ளத்தில் கரைந்து அடையாளம் தெரியாமல் போயிற்று என்று அப்பா சொல்வார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

ஜெர்மென் அத்தையிடம் கேட்டேன். அப்பாவின் தங்கை. எழுபத்தேழு வயது. கல்யாணமே செய்துகொள்ளாமல் என்னை வளர்த்தவள். நானும் ஒண்டிக்கட்டைதான். மூன்று பேராக இருந்த வீட்டில், போன நவம்பரிலிருந்து நாங்கள் ரெண்டு பேர்.

கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே, மறந்து போச்சுடி, ஐம்பது வருஷமாச்சே என்றாள். எந்த வீட்டுக் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு கூட என்று வருஷம் போட்டுச் சொல்கிறவளுக்கு, அண்ணியின் வீட்டுப் பெயர் மறந்துவிட்டது. வயதாகிறது.

அக்டோபர் 5, வியாழன்

காலை ஆறிலிருந்து பத்து வரை பதினெட்டு வீடு. ஸ்கூட்டரில் போய் இரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டி லேபில் சேர்ப்பதுதான் என் வேலை. பெயரில்லாத குழாய் வந்தால் சோதிக்க மாட்டார்கள், நேராகக் குப்பைதான்.

பதினொரு மணிக்குக் கோயில் அலுவலகம். உபதேசியார் சூசைநாதன்தான் பதிவுப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிறவர். மகள் பிரசவத்துக்குப் போவதற்காகப் பை கட்டிக்கொண்டிருந்தார். என் ஞானஸ்நானம் பதிந்த புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். பள்ளிக்கூடத்துக்காக எடுத்த சான்றிதழ் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் அம்மா ரொசாலி, ஞானஸ்நானத்தில் என்னை ஏந்திய ஞானத்தாய் மர்த்தா, அவ்வளவுதான். கல்யாணப் பதிவைப் பார்க்கலாம் என்றால், கல்யாணம் பெண் வீட்டு ஊரில் நடந்திருக்கும். எந்த ஊர்? அதுவும் அத்தைக்கு மறந்து போயிற்று.

அடக்கப் புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்து, பாத்துக்குங்கம்மா, கிழிச்சிடாதீங்க என்று சொல்லிவிட்டு உபதேசியார் கிளம்பிவிட்டார். 1972, ‘மொ’ வரிசை. மொரெல் என்று எழுபத்திரண்டில் ஒருவரும் சாகவில்லை.

தூசி. கைக்குட்டையால் முகம் துடைத்துத் துடைத்துக் கறுப்பாகிவிட்டது. கொக்கி ஊசியில் பின்னிய குரோஷா ஓரம் வைத்த கைக்குட்டை, ஒரு மூலையில் சின்ன இலை. வருஷா வருஷம் செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்விட்டு அத்தை ஒன்று வாங்கி வருவாள். இருபத்தொன்று வைத்திருக்கிறேன். என்னை ஒரு தடவைகூடக் கூட்டிப் போனதில்லை. கூட்டம், உனக்கு ஆகாது என்பாள்.

அக்டோபர் 9, திங்கள்

1971 இல்லை. 1973 இல்லை. ஒருவேளை அப்பாவுக்கு வருஷம் பிசகியிருக்கும் என்று 1974ம் பார்த்தாயிற்று. உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. லேபில் கீதா மேடம்கூட, என்ன செலின், எறும்பு ஏறிடுச்சா என்று கேட்டார்.

மத்தியானம் சாப்பிடும்போது அத்தை, எந்த வருஷம் வரைக்கும் பார்த்தே என்று கேட்டாள். சொன்னேன். போதும் விடுடி, ரொசாலின்னு மட்டும் வெட்டச் சொல்லு, ஆண்டவருக்குத் தெரியாதா யாருன்னு என்றாள். ஆண்டவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

இன்றும் இல்லை. அத்தையின் மூக்குக் கண்ணாடியையும் காணோம், ஒரு மணி நேரம் தேடி அரிசிப் பானையில் எடுத்தேன்.

அக்டோபர் 14, சனி

பத்து நாளை வீணாக்கியிருக்கிறேன்.

உபதேசியார் பேரப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து, என் முன்னால் இருந்த புத்தகத்தைப் பார்த்தார், ‘மொ’ வரிசையில் இருந்த என் விரலைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “புருஷன் பேர்லயா தேடறீங்க? இது வெள்ளைக்காரச் சாமியாருங்க போட்ட வழக்கம்மா. பொம்பளைங்க செத்துட்டா அப்பா வீட்டுப் பேருக்குத் திரும்பிடுவாங்க. எத்தனை பிள்ளை பெத்தாலும் சரி, இந்தப் புத்தகத்துல அவங்க பொறந்த வீட்டுப் பொண்ணுதான்.”

கல்லறையில் ரெண்டு பெயரும் வெட்டுகிற ஊரில் பிறந்து, புத்தகத்தில் எது முதலில் வரும் என்று யோசிக்கத் தெரியவில்லை எனக்கு. சரி, ஆனால் பிறந்த வீட்டுப் பெயரைக் கண்டுபிடிக்கத்தானே புத்தகத்தைப் பார்க்கிறேன்? அந்தப் பெயர் தெரிந்தால்தான் புத்தகத்தையே பார்க்க முடியும் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? கோபமாக வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

கிடைத்துவிட்டது.

முத்தியால்பேட்டையில் ஒரு தாத்தாவுக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. எங்கள் ஆட்களில் முதல் குழந்தைக்கு ஞானத்தாய், தாயின் கூடப்பிறந்தவள்தான். என் ஞானத்தாய் மர்த்தா. அப்படியென்றால் நான் சும்மா பெரியம்மா என்று கூப்பிட்ட மர்த்தா, அம்மாவின் கூடப்பிறந்த அக்காவேதான். ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர், பெயர் ஒன்று. மர்த்தா பெரியம்மா இந்த ஊரிலேயே செத்தது எனக்கு நினைவிருக்கிறது. பதினோரு வயது எனக்கு, அடைமழை. அம்மா கிடைக்காவிட்டால் அக்காவைப் பிடிக்கலாமே.

1981 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நவம்பரில் ஒரே ஒரு மர்த்தா. லம்பேர் மர்த்தா, வயது 44, காரைக்கால் லம்பேர் அந்துவானின் மகள், பட்டாளத்து சேவியரின் மனைவி.

லம்பேர். என் அம்மா ரொசாலி லம்பேர். உரக்கச் சொல்லிப் பார்த்தேன், உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு ‘ல’ வரிசையில் எழுபதிலிருந்து எழுபத்தைந்து வரை பார்த்தோம். ரொசாலி இல்லை. அப்படியானால் அவள் எங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே இல்லை. வெள்ளம், கரைந்த மண் எல்லாம் என்ன கதை? பிறந்த ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்திருப்பார்கள் என்றார் உபதேசியார். அப்படித்தான் இருக்கும். அப்பா ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மர்த்தா பெரியம்மா ஒருமுறை வீட்டுக்கு வந்து என்னை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டதும், அத்தை வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனதும் இன்று முழுக்க ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் அவள் வரவில்லை.

சாப்பிடும்போது அத்தையிடம் லம்பேர் என்றேன். கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ஆமா, அப்படித்தான் ஏதோ என்றாள். சனிக்கிழமை காரைக்கால் போகிறேன் என்றதும், வெயில் என்றாள். அக்டோபரில்.

அக்டோபர் 19, வியாழன்

அத்தைக்கு நெஞ்சு வலி. கிளினிக்குக்கு ஓடினோம். ஈசிஜி சரியாக இருக்கிறது. பிரஷர், சர்க்கரை எல்லாம் என்னைவிட நன்றாக இருக்கிறது. வாயுவாக இருக்கும் என்றார் டாக்டர். சனிக்கிழமை நீ வீட்டுல இருப்பேல்ல என்று ஆட்டோவில் கேட்டாள். எதிர்வீட்டு அமலியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு வலி இருப்பதாகச் சொல்லவில்லை.

அக்டோபர் 21, சனி

பேருந்தில் மூன்றரை மணி நேரம். காரைக்கால் கோயில் சாமியார் வயதானவர், நல்ல மனிதர், மோர் கொடுத்தார். இவரே அட்டவணையைப் புரட்டினார். லம்பேர் நிறையப் பேர். ரொசாலி ஒருத்திதான் இருக்காங்கம்மா, ஆனா நீங்க சொல்ற வருஷம் இல்லையே என்றார். வேறு யாராவதாக இருக்கும் என்றேன். எதுக்கும் பாத்துடுவோம் என்று புத்தகத்தை எடுத்து வந்தார்.

அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

இறந்தவர்: லம்பேர் ரொசாலி. வயது: 48. தகப்பன்: லம்பேர் அந்துவான். கணவன்: புதுச்சேரி லெயோன் மொரெல். இருப்பிடம்: சகோதரிகள் இல்லம். பிள்ளைகள்: இல்லை. இறந்த நாள்: 1997 ஆகஸ்ட் 14. தகவல் சொன்னவர்: ஜெர்மென் மொரெல், நாத்தனார்.

கீழே கையெழுத்து. அந்த உருண்டை எழுத்தில்தான் எனக்கு ‘அ’ போடச் சொல்லிக் கொடுத்தாள்.

1997இல் எனக்கு இருபத்தேழு வயது. லேபில் சேர்ந்து மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மூன்றரை மணி நேரம்தான்.

திரும்பும்போது ஜன்னலோர இடம் கிடைத்தது. வழியில் நல்ல மழை.

அக்டோபர் 22, ஞாயிறு

பூசைக்குப் போனோம். மீன் குழம்பு வைத்தேன். அத்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

இன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, இருபத்தொரு கைக்குட்டையையும் வரிசையாக வைத்தேன். கடைசியாக வந்தது 1996 செப்டம்பரில். அடுத்த வருஷம் ஆகஸ்டிலேயே அவசரமாகப் போய் வெறுங்கையோடு வந்து, அந்தக் கடையை மூடிட்டாங்க என்று சொன்னாள். ஒரு வாரம் முகம் வீங்கிக் கிடந்தாள். ஜலதோஷம் என்றாள். பத்து பேருடைய இரத்தத்தில் என்ன குறை என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறவள் நான். என் வீட்டில் ஜலதோஷம் என்றால் நம்பியிருக்கிறேன்.

இதெல்லாம் யார் போட்டது என்று கேட்டேன். ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவினாள். பிறகு, உங்கம்மாதான் என்றாள். அவ்வளவு சாதாரணமாக.

நான் பிறந்த பிறகு அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. ரெண்டு தடவை என்னைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டாள். ரெண்டு தடவையும் தூக்கியது அத்தை. அப்பா அம்மாவைக் காரைக்காலில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சகோதரிகள் இல்லத்தில் விட்டுவிட்டு வந்து, ஊருக்குச் செத்துவிட்டாள் என்று சொன்னார். பைத்தியக்காரி மகள் என்றால் நாளைக்கு யார் கட்டுவான் என்று சொன்னாராம். எவனும்தான் கட்டவில்லை. அத்தையைப் பைபிள்மேல் கை வைக்கச் சொல்லி, சொல்ல மாட்டேன் என்று வாங்கிக்கொண்டார். அப்பா ஒருமுறைகூட அங்கே போகவில்லை. அத்தை வருஷா வருஷம், வேளாங்கண்ணி பஸ்ஸில் ஏறி நடுவில் காரைக்காலில் இறங்கியிருக்கிறாள்.

அம்மாவுக்குக் குணமே ஆகவில்லையா என்று கேட்டேன். இதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, கேட்கத்தான் வேண்டும்.

“எட்டு வருஷத்துல நல்லாயிட்டாடி. மத்தவங்களுக்குத் தையல் சொல்லிக் குடுப்பா. மர்த்தாக்கா வந்து உங்கப்பாகிட்ட அழுதாங்க. அண்ணன் மனசு இளகி, கூட்டிட்டு வரலாமா ஜெர்மென்னு என்னைத்தான் கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்.”

காரணத்தையும் அவளாகவே சொன்னாள்.

“அந்த வருஷம் உனக்கு மஞ்சக்காமாலை. பதினஞ்சு நாள் மடியிலயே கிடந்தே. காய்ச்சல்ல என்னை அம்மான்னு கூப்பிட்டே. ஒரே ஒரு தடவைதான். அதை என்னால விட்டுக்குடுக்க முடியலடி.”

பைபிள் சத்தியம் அப்பாவுக்குக் கொடுத்தது, அப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது, இப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னா நீ என்னை விட்டுப் போயிடுவேன்னு பயந்தேன் என்றாள். எழுபத்தேழு வயதில் அழுகிறவளைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இல்லை. இதை எழுதி வைக்கிறேன். பரிதாபமாக இல்லை.

அம்மா என்னைப் பற்றிக் கேட்பாளா என்று மட்டும் கேட்டேன். வருஷத்துக்கு ஒரு போட்டோ கொண்டு போவேன், அதைத் தலையணைக்கு அடியில வச்சுக்குவா, பெட்டியில வச்சேதான் அடக்கம் பண்ணினோம் என்றாள்.

அக்டோபர் 25, புதன்

இரண்டு குழாய்க்குப் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. நல்லவேளை கீதா மேடம் பிடித்துவிட்டார். ரெண்டு வீட்டுக்கும் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுத்தேன். ஒரு அம்மா, பரவாயில்லம்மா, யாருக்கும் நடக்கறதுதானே என்றார். அவர் அப்படிச் சொன்னதும் ஸ்கூட்டரில் உட்கார்ந்து அழுதேன்.

அக்டோபர் 28, சனி

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் பார்க்கிறேன், முடிகிறதா என்று. தொட்டியைப் பொறுக்கலாம். அப்பாவைப் பொறுக்கலாம். மஞ்சள் காமாலையைக்கூட ஒருநாள் பொறுக்கலாம். ஒரு வார்த்தையில் வந்து நின்றுவிடுகிறேன். பிள்ளைகள்: இல்லை.

அத்தையைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. பிள்ளை இருக்குன்னு சொன்னா கூட்டிட்டு வான்னுவாங்களே என்றாள். பொய்யில்கூட எவ்வளவு சரியாக யோசித்திருக்கிறாள்.

காரைக்கால் சாமியாருக்குப் போன் செய்தேன். எழுதினதை அழிக்க முடியாதும்மா, ஓரத்தில் குறிப்பு சேர்க்கலாம், ஆனால் அன்றைக்குத் தகவல் சொன்னவரே நேரில் வந்து, தவறாகச் சொன்னேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார், அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன்.

அத்தையிடம் சொன்னேன். காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 30, திங்கள்

தாவீதிடம் அப்பா பெயர் மட்டும் போதும் என்றேன். கீழே விட்ட இடம் மொட்டையா இருக்குமேம்மா என்றார். இருக்கட்டும் என்றேன்.

அத்தை நெஞ்சு வலி என்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வாளோ என்று காத்திருக்கிறேன்.

நவம்பர் 2, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தால் வெள்ளைப் புடவை கட்டி, செருப்புப் போட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மெழுகுவர்த்திப் பொட்டலம். காரைக்கால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நடுவில் ஒருமுறை இருமினாள், தண்ணீர் கொடுத்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். சுண்ணாம்பு வாசனை, சாமந்தி. அத்தை யாரையும் வழி கேட்கவில்லை. குறுக்கே நடந்து, ரெண்டு இடத்தில் திரும்பி, மதிலோரம் ஒரு சிமெண்டுச் சிலுவை முன்னால் நின்றாள். ரொசாலி லம்பேர் என்று எழுதியிருந்தது. யாரும் கேட்காமலே அப்பா வீட்டுப் பெயரோடு. புல்லைப் பிடுங்கினேன். கைக்குட்டையை நனைத்து எழுத்தைத் துடைத்தேன். அது அவள் போட்ட கைக்குட்டை என்பது பாதித் துடைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். வாய்க்குப் பழக்கமில்லை. அத்தை தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

பிறகு அலுவலகம். சாமியார் புத்தகத்தை விரித்து வைத்தார். சொல்லுங்கம்மா என்றார். அத்தை எழுந்து நின்றாள், கோர்ட்டில் நிற்கிற மாதிரி. உட்கார்ந்தே சொல்லலாம் என்றார் அவர். அவள் உட்காரவில்லை.

“நான் பொய் சொல்லிட்டேன் சாமி. ரொசாலிக்கு ஒரு மகள் உண்டு. செலின். இதோ, இவதான்.”

சாமியார் ஓரத்தில் சின்ன எழுத்தாக எழுதினார். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். அவள் பிடித்த பேனா தாளில் தட்டிக்கொண்டே இருந்தது. தினமும் இருபது பேர் மணிக்கட்டைப் பிடிக்கிற கை என்னுடையது. அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. தாள் நகராமல் ஓரத்தை அழுத்திக்கொண்டேன். பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் புதியதைப் போட்டு முடிக்க வெகு நேரம் ஆனது.

அடுத்து சாட்சிக் கையெழுத்துக்குக் கீழே உறவு எழுத வேண்டும். இறந்தவருக்கு நாத்தனார்னு இருக்கு, மகளுக்கு நீங்க என்ன வேணும் என்று சாமியார் கேட்டார். அத்தை பேனாவை வைத்தாள். என்னைப் பார்த்தாள். அவள் எனக்கு யார் என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து ஐம்பது வருஷம் ஓடினவள், கடைசியில் அந்தச் சொல்லை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

வளர்த்தவங்கன்னு எழுதுங்க சாமி என்றேன்.

அது பதிவேட்டில் எழுதுகிற உறவு இல்லையேம்மா, அத்தைன்னு போட்டுடலாமே என்றார்.

இல்லை, வளர்த்தவங்கன்னே எழுதுங்க என்றேன். எழுதினார்.